குறுவை காத்திருக்காது: கல்லூரி உள்நிதியும் டெல்டாவின் நாட்காட்டியும்

திருச்சியிலிருந்து நாகப்பட்டினம் வரை, காவிரிப் படுகையின் பல்கலைக்கழகங்களிலும் தன்னாட்சிக் கல்லூரிகளிலும் ஆண்டுக்கு ஒருமுறை ஒரு சுற்றறிக்கை வரும். ஆசிரியர்களின் ஆய்வுக்கும் வகுப்பறைத் தொழில்நுட்பத்துக்கும் நிறுவனத்தின் சொந்தப் பணத்திலிருந்து, அதாவது உள்நிதியிலிருந்து, நல்கை தருகிறோம், இன்ன தேதிக்குள் விண்ணப்பியுங்கள் என்று இருக்கும். ஆசிரியர் அறையில் இதற்குப் பெயர் சீட் மணி, அதாவது ஆய்வைத் தொடங்கிவைக்கும் விதைப்பணம். தொகை சில பத்தாயிரத்திலிருந்து சில லட்சம் வரை. "இதை வைத்துக்கொண்டு என்ன செய்வது?" என்ற முணுமுணுப்பும் கூடவே வரும்.

முணுமுணுப்பில் நியாயம் உண்டு. ஆனாலும் பயனில்லாமல் போன நல்கைகளின் கோப்புகளைப் புரட்டினால் தொகை சின்னது என்பது அபூர்வமாகத்தான் காரணமாக இருக்கும். பணம் வந்த மாதம் தப்பாக இருக்கும். செலவுத் தலைப்புகளைப் பிரித்தது தப்பாக இருக்கும். வாங்கிய பொருளைப் பிற்பாடு பார்த்துக்கொள்ள ஒரு ரூபாய்கூட ஒதுக்கியிருக்க மாட்டார்கள். மூன்றும் விண்ணப்பம் எழுதும்போதே சரிசெய்யக் கூடியவை.

முதலில், இந்த நிதி எங்கிருந்து முளைத்தது? ஒரு காலத்தில் கல்லூரி ஆசிரியருக்குக் கைகொடுத்தது பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி.யின் மைனர் ரிசர்ச் ப்ராஜெக்ட் என்ற சிறு ஆய்வு நல்கை. கோப்பு ஹைதராபாத் மண்டல அலுவலகத்துக்குப் போகும், தாமதமானாலும் ஏதாவது ஒரு தொகை வரும். 12-ஆம் ஐந்தாண்டுத் திட்டக் காலத்தோடு (2012–17) அந்த வழி அடைபட்டது. 2022-இல் யு.ஜி.சி. அறிவித்த டி.எஸ். கோத்தாரி ஆய்வு நல்கை 10 லட்சம் ரூபாய். ஆனால் அது புதிதாகப் பணியில் சேர்ந்தவர்களுக்கு மட்டும். ஆய்வுக்கு நிதி தந்த மத்திய அரசு வாரியமான எஸ்.இ.ஆர்.பி. இருந்த இடத்தில் 2023-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் வந்திருக்கும் ஏ.என்.ஆர்.எஃப். போன்ற அமைப்புகளிடம் போனால், 'முதற்கட்டத் தரவு எங்கே?' என்பார்கள். அந்த முதற்கட்டத் தரவை உண்டாக்கப் பணம் தர ஒருவர் வேண்டும். அந்த இடத்தைத்தான் உள்நிதி நிரப்புகிறது.

இன்னொரு காரணமும் இருக்கிறது, அதை மறைக்க வேண்டியதில்லை: உயர்கல்வி நிறுவனங்களுக்குத் தரம் வழங்கும் நாக் அமைப்பின் மதிப்பீடு. அதன் ஏழு அளவுகோல் முறையில் மூன்றாவது ஆய்வு. ஆசிரியர்களுக்கு சீட் மணியாக எத்தனை லட்சம் கொடுத்தீர்கள் என்று நேரடியாகவே அதில் ஒரு கேள்வி உண்டு. நான்காவது அளவுகோலில் எத்தனை வகுப்பறைகளில் தொழில்நுட்ப வசதி இருக்கிறது என்று கேட்பார்கள். கேள்வி எண்ணிக்கையைக் கேட்பதால் நிர்வாகமும் எண்ணிக்கையைத்தான் காட்டும். பார்வைக்குழு வருகிற ஆண்டில் பெருகி, போன மறு ஆண்டில் வற்றிவிடும் நிதியைப் பல வளாகங்களில் பார்க்கலாம்.

இனி மாதக் கணக்கு. சுற்றறிக்கை ஆகஸ்டில் வரும், விண்ணப்பம் செப்டம்பரில் போகும், மதிப்பீட்டுக் குழு அக்டோபரில் கூடும், நல்கை ஆணை நவம்பரில் கைக்கு வரும், பணம் டிசம்பரில் விடுவிக்கப்படும், மார்ச் 31-க்குள் செலவுக் கணக்கை முடிக்கச் சொல்வார்கள். இது பலரும் அறிந்த வரிசை. கணினித் துறைக்கு இதனால் பெரிய நஷ்டமில்லை. நெல், மண், நீர், மீன், கடலோரம் என்று ஆய்வு செய்கிறவருக்கு ஓராண்டே போய்விடுகிறது.

மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கும் நாள் ஜூன் 12. டெல்டாவின் நெல் பருவங்களில் குறுவை ஜூனில் தொடங்கிச் செப்டம்பர் வாக்கில் அறுவடைக்கு வரும். ஏ.டி.டி. 43 போன்ற ரகத்துக்கு 110 நாள்தான். சம்பா ஆகஸ்டில் தொடங்கி ஜனவரியில் முடியும். தாளடி செப்டம்பர் கடைசி, அக்டோபரில் நடவாகி பிப்ரவரிக்கு மேல் போகும். டிசம்பரில் பணம் வந்தால் குறுவை ஏற்கெனவே களத்துமேட்டைத் தாண்டிவிட்டது. சம்பா கதிர் பிடிக்கும் நிலையில் நிற்கிறது, நடவுக்கு முந்தைய மண் மாதிரி எடுக்க வழியில்லை. அடிப்படை அளவீடு இல்லாத ஆய்வில் எதை எதோடு ஒப்பிடுவது? கடைசியில் கையில் கிடைத்த தாளடி வயலில் நான்கு மாதிரி எடுத்து அறிக்கையை ஒப்பேற்றுவார்கள்.

அணை திறக்கும் நாளும் நிலையானதல்ல. 2022-இல் மே 24-லேயே திறந்தார்கள், 2024-இல் ஜூலை 28 வரை இழுத்தது. ஆகவே விண்ணப்பத்தின் காலத் திட்டத்தில் 'ஜூன்: மாதிரி எடுத்தல்' என்று எழுதாமல் 'வாய்க்காலில் தண்ணீர் வருவதற்கு முன் 1, நட்ட 30-ஆம் நாள் 1, பூக்கும் பருவத்தில் 1, அறுவடைக்குப் பின் 1' என்று பயிரின் நாளை வைத்து எழுதுவது பாதுகாப்பு. தேதி தள்ளிப்போனாலும் திட்டம் மாறியதாக ஆகாது, குழுவிடம் விளக்கம் எழுதும் வேலையும் மிச்சம்.

நிர்வாகம் செய்ய வேண்டியதும் எளிது. விண்ணப்பத்தைப் பிப்ரவரியில் வாங்கி, குழுவை மார்ச்சில் கூட்டி, புதிய நிதியாண்டு பிறந்ததும் ஏப்ரலில் ஆணை கொடுக்கலாம். கோடை விடுமுறையில் கொள்முதல் முடிந்துவிடும். காலத்தையும் 12 மாதமாக இல்லாமல் 18 மாதமாக வைத்தால் குறுவையும் சம்பாவும் தாளடியும் முழுசாக அடங்கி, ஆய்வகத்தில் பகுத்துப் பார்க்கவும் நாள் மிஞ்சும். இதற்கு ஒரு பைசா கூடுதல் செலவில்லை. ஆட்சிமன்றக் குழுவில் ஒரு தீர்மானம் போதும். ஏன் நடப்பதில்லை என்றால், சுற்றறிக்கை விடும் அலுவலகத்துக்குக் கல்வியாண்டுதான் தெரிகிறது, வாய்க்கால் தெரிவதில்லை.

அனுமதிகளும் மாதத்தைத் தின்னும். முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டில் நீர் மாதிரி எடுக்கவோ கோடியக்கரை சரணாலயத்துக்குள் கணக்கெடுப்பு செய்யவோ வனத்துறை அனுமதி வேண்டும். தஞ்சைப் பெரிய கோயில், தாராசுரம், கங்கைகொண்ட சோழபுரம் ஆகியவை தொல்லியல் துறைப் பாதுகாப்பில் உள்ளவை. கல்வெட்டைப் படியெடுப்பதானாலும் கேமரா முக்காலி வைத்துப் படமெடுப்பதானாலும் முன்கூட்டியே எழுத்துமூல இசைவு வாங்க வேண்டும். விவசாயிகளிடமோ மாணவர்களிடமோ உடல்நலம் சார்ந்த கேள்வி கேட்பதாக இருந்தால் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வேண்டும், அதுவும் தரவு சேகரிக்கத் தொடங்கும் முன்பே. ஆணை வந்த பிறகு விண்ணப்பிக்கலாம் என்று இருந்தால் நல்கைக் காலத்தில் பாதி கடிதப் போக்குவரத்திலேயே கழியும். அனுமதி கோரி அனுப்பிய கடிதத்தின் நகலை விண்ணப்பத்தோடு வைப்பவருக்குக் குழுவில் மதிப்பெண் கூடுவது இதனால்தான்.

அடுத்து பட்ஜெட். இங்கேதான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள்.

செலவுத் தலைப்புகள் பொதுவாக உபகரணம், நுகர்பொருள், பயணமும் களப்பணியும், சில்லறைச் செலவு என்று நான்கு. ஒரு தலைப்பிலிருந்து இன்னொன்றுக்கு மாற்ற முன் அனுமதி வேண்டும். செலவு செய்துவிட்டு அனுமதி கேட்டால் தணிக்கையில் அது அனுமதியாகாது. பலரும் உபகரணத்துக்கு முக்கால் பங்கைப் போட்டுவிட்டு மீதியைக் கண்ணை மூடிக்கொண்டு பிரிப்பார்கள். அதிலும் ஜி.எஸ்.டி.யை மறந்துவிடுவார்கள். 1,80,000 ரூபாய் விலைப்பட்டியலில் உள்ள கருவி 18 சதவீத வரியோடு 2,12,400 ஆகிறது. 2 லட்சம் ஒதுக்கீட்டில் 12,400 துண்டு. பதிவு பெற்ற ஆய்வு நிறுவனங்கள் அறிவியல் கருவியை 5 சதவீத வரியில் வாங்கிய சலுகை 2022 ஜூலை 18-ஓடு போய்விட்டது. பழைய கோப்பைப் பார்த்து 5 சதவீதம் போட்டு எழுதுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். விலைப்பட்டியல் கேட்கும்போதே வரி, சரக்குக் கட்டணம், பொருத்தும் கட்டணம் மூன்றையும் சேர்த்து எழுதித்தரச் சொல்ல வேண்டும்.

ஒரு சின்ன உதாரணத்தைக் கிட்டத்தில் வைத்துப் பார்க்கலாம். வேதாரண்யம், தலைஞாயிறு பக்கம் வயலில் உப்பேறுவதை அளக்க ஒருவர் கையடக்க மின்கடத்துதிறன் மீட்டரும் பி.எச். மீட்டரும் கேட்கிறார். மீட்டர்கள் வந்துவிடும். கூடவே வர வேண்டியவை பட்டியலில் இருக்காது: 1413 மைக்ரோசீமன்ஸ் அளவுத்திருத்தக் கரைசல், 4, 7, 9.2 பி.எச். பஃபர் கரைசல்கள், பி.எச். மின்முனையை ஊறவைக்க 3 மோலார் பொட்டாசியம் குளோரைடு. பொட்டாசியம் குளோரைடு இல்லாததால் மின்முனையைக் காய்ச்சி வடித்த நீரில் போட்டு வைப்பார்கள். அதன் உள்ளிருக்கும் உப்புக் கரைசல் நீரில் கசிந்து நீர்த்துப்போகும், மின்முனை மந்தமாகும், சில வாரங்களில் அளவு தள்ளாடத் தொடங்கும். உலரவிட்டாலும் கேடுதான். மாற்று மின்முனை வாங்கத் தலைப்பில் பணம் இருக்காது. மண்ணை நீரில் குழைத்து வடித்த நிறைவுச் சாற்றில் மின்கடத்துதிறன் 4 டெசிசீமன்ஸுக்கு மேல் போனால் அது உவர் மண். நெல்லோ 3-ஐத் தாண்டினாலே விளைச்சலை இழக்கத் தொடங்கும். அந்த ஒரு டெசிசீமன்ஸ் இடைவெளியைத் திருத்தம் செய்யாத மீட்டரை வைத்து எப்படி நம்புவது? சில ஆயிரம் ரூபாய் நுகர்பொருளுக்குப் போடாததால் ஒரு பருவத்துத் தரவே சந்தேகத்துக்கு இடமாகிறது.

களப்பணிச் செலவுக்கு ரசீது கிடைப்பது டெல்டாவில் தனிப் பாடு. முத்துப்பேட்டை லகூன் என்ற கடற்கழிக்குள் போகும் படகுக்காரரிடம் ஜி.எஸ்.டி. பில் கிடைக்காது. மண் வெட்டிக் கொடுக்கும் ஆள், நாற்றங்காலில் உதவும் பெண்கள், இவர்களுக்கெல்லாம் கைரசீதுதான். பெயர், ஊர், என்ன வேலை, எந்தத் தேதி, தொகை எண்ணிலும் எழுத்திலும், கையொப்பம் அல்லது கைநாட்டு, பக்கத்தில் ஒரு சாட்சி என எல்லாம் இருக்க வேண்டும். 5,000 ரூபாய்க்கு மேற்பட்ட ரசீதானால் 1 ரூபாய் வருவாய் முத்திரை ஒட்ட வேண்டும். ஒரு நாளைக்கு இன்ன வீதம் என்று நிதி அலுவலரிடம் முன்கூட்டியே குறிப்பு எழுதி ஒப்புதல் வாங்கிவைத்தால் பிறகு 'இந்த வீதம் எங்கிருந்து வந்தது?' என்ற கேள்வி எழாது. தனியார் அறக்கட்டளைக் கல்லூரியின் கணக்காளரும் இதையேதான் கேட்பார். அரசுப் பல்கலைக்கழகமானால் உள்ளாட்சி நிதித் தணிக்கைத் துறையே வந்து கேட்கும்.

கொள்முதல் விதி நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும் என்பதால் பக்கத்து வளாகத்து நண்பரிடம் கேட்டு நடப்பது ஆபத்து. திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகம், திருச்சி என்.ஐ.டி. போன்றவை மத்திய அரசின் பொது நிதி விதிகள் 2017-இன்படி நடப்பவை. அரசின் இணையக் கொள்முதல் தளமான ஜெம்மில் கிடைக்கும் பொருளை அங்கேதான் வாங்க வேண்டும். பாரதிதாசன், தமிழ்ப் பல்கலைக்கழகம் போன்ற மாநிலப் பல்கலைக்கழகங்களுக்கு 1998-ஆம் ஆண்டு தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டம் இருக்கிறது. சுயநிதிக் கல்லூரியில் நிர்வாகக் குழு வகுத்ததுதான் விதி. கொட்டேஷன் இல்லாமல் எவ்வளவு வரை வாங்கலாம், கமிட்டி எப்போது வேண்டும் என்ற உச்சவரம்புகளை அவ்வப்போது திருத்துவார்கள். நடப்பு ஆணையைக் கையில் வைத்துக்கொள்வது நல்லது.

எங்கேயும் மாறாத இரண்டு விஷயங்கள் உண்டு. ஒரே தேவையை உச்சவரம்புக்குக் கீழே கொண்டுவர நான்கு பில்லாக உடைக்கக் கூடாது. மூன்று கொட்டேஷன் என்றால் மூன்று கடை; ஒரே கடைக்காரர் மூன்று லெட்டர்ஹெட்டில் ஒரே எழுத்துப் பிழையோடு கொடுத்ததைத் தணிக்கையாளர் ஒரு நிமிடத்தில் கண்டுபிடிப்பார். தொழில்நுட்ப விவரக்குறிப்பை எழுதும்போது ஒரு குறிப்பிட்ட மாடலின் விளம்பரத் தாளை அப்படியே நகலெடுப்பதும் ஆட்சேபணைக்கு வழி. 'குறைந்தபட்சம் இவ்வளவு' என்று எழுதினால் போதும்.

வகுப்பறைத் தொழில்நுட்ப நல்கை வேறு ரகம். ஆய்வுப் பணத்தை ஒரு ஆசிரியர் கேட்டு ஒருவரே பயன்படுத்துகிறார். வகுப்பறைக் கருவியை ஒருவர் கேட்டு, இருபது பேர் கையாண்டு, ஒரு அட்டெண்டர் பூட்டித் திறக்கிறார். இரண்டையும் ஒரே படிவத்தில், ஒரே குழுவில் வைப்பது எனக்கு உடன்பாடில்லை. படிவம் ஒன்றாக இருந்தால் எல்லாரும் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: தொட்டு இயக்கும் 75 அங்குல ஊடாடு திரை.

அந்தத் திரை எல்லா அறைக்கும் பொருந்தாது. 75 அங்குலத் திரையின் உயரம் சுமார் 93 செ.மீ. எழுத்தைச் சிரமமில்லாமல் வாசிக்கக் கடைசி மாணவர் திரை உயரத்தைப் போல் 6 மடங்கு தூரத்துக்குள் உட்கார வேண்டும் என்பது நடைமுறைக் கணக்கு. அதாவது 5.6 மீட்டர். 86 அங்குலம் போட்டாலும் 6.4 மீட்டர்தான். 9 மீட்டர் ஆழமுள்ள பழைய அறையில் பின்வரிசைக்காரர்களுக்கு அது ஓர் ஒளிரும் செவ்வகம், அவ்வளவே. அங்கே 1.5 மீட்டர் உயரமுள்ள, ஏறக்குறைய 120 அங்குலப் படம் வேண்டும். அது ப்ரொஜெக்டர் வேலை.

ப்ரொஜெக்டருக்கும் இங்கே சிக்கல் உண்டு. ஏ.சி. இல்லாத அறையில் காற்றுக்காக ஜன்னலைத் திறந்துவைத்தால் வெளிச்சம் படத்தை வெளுக்கவைக்கும், மூடினால் ஏப்ரலில் உட்கார முடியாது. 120 அங்குலப் படத்துக்கு 4,000 லூமன் வெளிச்சத்துக்குக் குறையாமல் கேட்பதும், திரைப் பக்கத்து இரண்டு ஜன்னலுக்கு மட்டும் திரைச்சீலை போடுவதும் நடுவழி. சாதாரண லென்ஸ் உள்ள கருவியைத் திரைக்கு 4 மீட்டர் தள்ளிக் கூரையில் மாட்ட வேண்டியிருக்கும். அந்த இடத்தில்தான் மின்விசிறி வரிசை தொங்கும். விசிறி இறக்கையின் நிழல் படத்தில் சுழலும். கருவியை வாங்கும் முன் ஏணி போட்டு ஏறி, டேப் பிடித்து அளந்தால் தெரிந்துவிடும். இடமில்லையென்றால் சுவரை ஒட்டி மாட்டும் ஷார்ட்-த்ரோ வகைதான் வழி. விளக்கு வகைக்கு 4,000–5,000 மணி நேர ஆயுள், லேசர் வகைக்கு 20,000. விலை கூடினாலும் லேசரைக் கேட்பது சரி, ஏனென்றால் மாற்று விளக்குக்கு மூன்றாம் ஆண்டில் யாரும் பணம் ஒதுக்குவதில்லை.

கும்பகோணம், தஞ்சாவூர்ப் பக்கத்துப் பழைய கட்டடங்களில் சுவரையும் பார்க்க வேண்டும். சுண்ணாம்புக் காரைச் சுவரில் 50 கிலோவுக்கு மேல் எடையுள்ள திரையை மாட்டினால் போல்ட் பிடிமானம் இல்லாமல் மெல்லச் சாயும். தரையில் நிற்கும் தாங்கியைப் பட்ஜெட்டில் சேர்த்துவிடலாம். மேசையிலிருந்து ப்ரொஜெக்டருக்குப் போகும் எச்.டி.எம்.ஐ. கேபிள் 10–15 மீட்டரைத் தாண்டினால் 4கே படம் விட்டுவிட்டுப் போகும். ஃபைபர் கேபிளோ எக்ஸ்டெண்டரோ வேண்டும்.

கரண்ட் விஷயத்தில் டெல்டா கருணை காட்டாது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மின்னல், ஏற்ற இறக்கம், அடிக்கடி துண்டிப்பு. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறிய பிறகு பல ஊர்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. 1 கே.வி.ஏ. யு.பி.எஸ். ஒரு திரையைக் கால் மணி நேரம் தாங்கும். வகுப்பு நடத்த அது போதாது, முறையாக அணைக்கப் போதும். அந்த பேட்டரி இந்த வெக்கையில் 2, 3 ஆண்டில் செத்துவிடும். பொருத்துமுன் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே மல்டிமீட்டர் வைத்துப் பார்க்க வேண்டும். 3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் குழியைச் சரிசெய்யாமல் எதையும் மாட்டக் கூடாது. இடி இடிக்கும்போது மின்செருகியை மட்டும் பிடுங்கிப் பயனில்லை. லேன் கேபிள் வழியாகவும் அடிக்கும். கடலோரக் கல்லூரிகளில் உப்புக்காற்றில் போர்ட்டுகள் பச்சை பூக்கும். நீண்ட விடுமுறையிலும் வாரம் ஒருமுறை அரை மணி நேரம் ஓடவிட்டால் உள்ளே தேங்கும் ஈரம் வெளியேறும். இதை யார் செய்வது என்று பெயரோடு எழுதி ஒட்டாவிட்டால் யாரும் செய்ய மாட்டார்கள்.

ஆகவே வகுப்பறை நல்கையில் கருவி விலையில் 10 சதவீதம் அளவுக்காவது இரண்டாம், மூன்றாம் ஆண்டுப் பராமரிப்புக்கென்று நிறுவனமே தனியாக எடுத்துவைப்பது நல்லது. விலைக்குறிப்பில் 3 ஆண்டு ஆன்-சைட் வாரண்டி, தஞ்சாவூரிலோ திருச்சியிலோ சர்வீஸ் ஆள், இத்தனை வேலை நாளுக்குள் பழுது நீக்கல் என்று எழுதிவாங்கலாம். சென்னைக்குத் திரையைத் திருப்பி அனுப்பும் வண்டிச் செலவு எந்தத் தலைப்பிலும் அடங்காது.

மதிப்பீட்டுக் குழு பற்றிச் சுருக்கமாக. துறைக்கு வெளியே இருந்து ஒருவராவது இல்லாத குழு, தொகையைத் துறைக்கு ஒன்றாகப் பங்குபோடும் குழுவாக மாறிவிடுகிறது. விண்ணப்பம் நான்கைந்து பக்கம் போதும். ஒரே கேள்வி, அதற்குக் கிடைக்கும் தரவு, அந்தத் தரவைக் கொண்டு அடுத்து எந்த வெளி நிதிக்கு விண்ணப்பிப்பீர்கள் என்ற மூன்றையும் தெளிவாக எழுதுகிறவருக்குத்தான் தர வேண்டும். 'ஓராண்டுக்குள் ஸ்கோபஸ் கட்டுரை', அதாவது ஸ்கோபஸ் பட்டியலில் உள்ள ஆய்விதழில் கட்டுரை, என்ற நிபந்தனை எனக்குக் கெடுதலாகவே படுகிறது. மதிப்பாய்வுக்கே ஆறு, எட்டு மாதம் எடுக்கும் உலகில் அந்த நிபந்தனை ஆசிரியரைக் காசு வாங்கிக்கொண்டு பதிப்பிக்கும் போலி இதழ்களிடம்தான் தள்ளும். பதிலாக, வெளி நிதிக்கு அனுப்பிய முழு விண்ணப்பத்தைக் காட்டச் சொல்லலாம்.

முடிக்கும்போது கேட்கப்படுவது பயன்பாட்டுச் சான்றிதழ், செலவறிக்கை, ஸ்டாக் ரெஜிஸ்டர் நகல், ஒரு சுருக்க அறிக்கை. பல வளாகங்களில் சான்றிதழுக்கு மத்திய அரசின் 12-ஏ படிவத்தையே மாதிரியாக வைத்துக்கொள்கிறார்கள். மீதிப் பணத்தைத் திருப்பிக் கட்டிய செலானும் சேர வேண்டும். அட்வான்ஸ் வாங்கியவர் அதைத் தீர்க்காமல் இருந்தால் அடுத்த தவணை நிற்கும். பில்லில் கல்லூரிப் பெயரும் ஜி.எஸ்.டி. எண்ணும் இல்லாமல் ஆசிரியர் பெயர் மட்டும் இருந்தால் அதை ஏற்கவே மாட்டார்கள்; வாங்குகிற அன்றே பார்க்க வேண்டியது இது.

அரசுக் கல்லூரிகளில் கலந்தாய்வு மூலம் இடமாறுதல் உண்டு, நல்கையின் நடுவிலேயே ஆசிரியர் மன்னார்குடியிலிருந்து வேறு மாவட்டத்துக்குப் போக நேரலாம். கருவி நிறுவனத்தின் சொத்து, அது நகராது. தரவு ஆசிரியரோடு போகலாமா, மீதி வேலையை உடன் ஆய்வாளர் தொடரலாமா என்பதை ஆணையிலேயே ஒரு வரியில் எழுதிவைக்க வேண்டும். உடன் ஆய்வாளர் ஒருவரைக் கட்டாயமாக்கிவிட்டால் பீரோவுக்குள் போன மீட்டரைத் தேடும் வேலையும் இருக்காது. ரெஜிஸ்டரில் வரிசை எண்ணோடு ஒப்படைப்புக் கையொப்பம் போட ஆள் அங்கேயே இருப்பார்.